வாசலில் நிற்க வேண்டிய கார்

வட்டவடை
14.10.2024

மரியாதைக்குரிய சம்பந்தி அவர்களுக்கு பெரியமுத்து எழுதுவது. நானும் என் வீட்டுக்காரி அழகுத்தாயும் சுகமாக இருக்கிறோம். உங்களுக்கு முட்டிவலி என்று மகள் மோனிஷா போனில் சொன்னாளாம். இப்போது எப்படி இருக்கிறது? எனக்கு எந்தச் செய்தியும் அழகுத்தாய் வழியாகத்தான் வரவேண்டும். தேயிலை ஃபேக்டரியில் ரோலர் பக்கத்திலேயே வேலை பார்த்துக் காது போன கதை உங்களுக்குத் தெரியும். போனில் யார் பேசினாலும் எனக்கு ரோலர் ஓடுகிற மாதிரிதான் கேட்கிறது. அவளுக்கோ உங்களோடு பேசக் கூச்சம். ஆகவே கடிதம்.

புதுசாக ஒரு பிக்கப் எடுத்திருக்கிறோம். வெள்ளை நிறம். மூணாறு கோயிலில் பூஜை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, முதல் லோடு கேரட் ஏற்றி அனுப்பியாயிற்று. என் மச்சான் மகன் பாண்டி ஓட்டுகிறான். இனி அடுத்தவர் ஜீப்புக்குக் காத்திருக்க வேண்டாம். முன்னால் மூன்று பேர் தாராளமாக உட்காரலாம். காரில் போகிற சுகம் இதில் இருக்கிறது என்று பாண்டி சொல்கிறான். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

இன்னொரு விஷயம். பூஜைக்கு அழகுத்தாயின் அக்கா வந்திருந்தாள். எல்லோரும் சாப்பிடும்போது, "என்னடி அழகு, மக வாக்கப்பட்டது பெரிய எடமாம்ல? மூணு வருசமாச்சு, சம்பந்தி காரு நம்ம ஊர் ரோட்டப் பாக்கலியே. வழி தெரியலியா, இல்ல வர மனசு இல்லியா?" என்று கேட்டிருக்கிறாள். எனக்குக் கேட்கவில்லை. அழகுத்தாயின் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

கல்யாணத்தன்று பாலக்காடு ரிஜிஸ்டர் ஆபீஸில் கையெழுத்துப் போட்டுவிட்டு அப்படியே கார் ஏறிப் போய்விட்டீர்கள். பிள்ளைகளும் அயர்லாந்து போய்விட்டார்கள். நான் குறையாக எழுதவில்லை. ஒரே ஒரு நாள் உங்கள் கார் எங்கள் வாசலில் நிற்க வேண்டும். வேறொன்றும் கேட்கவில்லை.

முட்டிக்கு உள்ளிப்பூண்டு காய்ச்சிய எண்ணெய் நல்லது. எங்கள் தோட்டத்துப் பூண்டு கொஞ்சம் பார்சலில் வருகிறது.

தங்கள்
பெரியமுத்து


கொழிஞ்சாம்பாறை
29.10.2024

அன்புள்ள சம்பந்தி பெரியமுத்து அவர்களுக்கு, வணக்கம். கடிதமும் பூண்டும் கிடைத்தன. முட்டிவலி பழைய நண்பனைப் போல வருகிறது, போகிறது. தங்கள் இருவரின் நலம் அறிந்து மகிழ்ச்சி. புது வண்டி எடுத்ததற்கு வாழ்த்துகள்.

பிக்கப் நல்ல வண்டிதான். சாமான் ஏற்ற அதை மிஞ்ச எதுவும் இல்லை. ஆனால் காரில் போகிற சுகம் அதில் இருக்கிறது என்று எழுதியதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. பிக்கப்பின் பின்பக்க ஸ்பிரிங் பட்டைகள் சுமைக்காகப் போட்டவை. லோடு இல்லாதபோது அது ஒவ்வொரு கல்லையும் நமக்குச் சொல்லிக்கொண்டே போகும்.

என்னுடைய எஸ்டீம் கார் 1999 டிசம்பரில் கோயமுத்தூரில் எடுத்தது. நிறம் தேர்ந்தெடுத்தது என் வீட்டுக்காரி கமலாத்தாள். மயில்கழுத்து நீலம். பழனிக்கு முதல் முறை போய்த் திரும்பி வந்து இறங்கியதும், "ஏனுங்க, கார்ல போனமா, இல்ல ஊட்டுக்குள்ளயே உக்காந்திருந்தமான்னே தெரியலீங்க" என்றாள். அவள் போய் ஆறு வருடம் ஆகிறது. பின்சீட்டில் அவள் உட்காரும் பக்கம் மட்டும் இன்னும் கொஞ்சம் அமுங்கியே இருக்கிறது.

தாங்கள் அழைத்ததில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் என் கார் தரையை ஒட்டி ஓடுகிற வண்டி. டாப் ஸ்டேஷன் தாண்டி, காட்டுச் செக்போஸ்டைக் கடந்து உங்கள் ஊருக்கு இறங்குகிற ரோட்டைப் பற்றி விசாரித்தேன். மேடும் பள்ளமுமாக இருக்கிறதாம். அடிப்பகுதி தட்டும். நடுக்காட்டில் சைலன்சர் கழன்று விழுந்தால் யானையிடமா ஸ்பானர் கேட்பது?

மழை நேரம். காதில் பஞ்சு வைத்துக்கொண்டு வெளியே போங்கள். தங்கள் மனைவியாரிடம் கேட்டதாகச் சொல்லவும்.

இப்படிக்கு
ஈஸ்வரமூர்த்தி


வட்டவடை
11.11.2024

மரியாதைக்குரிய சம்பந்தி அவர்களுக்கு, நாங்கள் சௌக்கியம். அங்கே மழை எப்படி? இங்கே மூன்று நாளாக வெயிலே இல்லை.

யானையிடம் ஸ்பானர் கேட்பதைப் படித்துவிட்டு நான் சிரித்தேன். அழகுத்தாய் பக்கத்தில் வந்து என்ன என்று கேட்டாள். வாசித்துக் காட்டினேன். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "வராததுக்கு யானையா சாக்கு?" என்றாள்.

நான் பாண்டியைக் கூட்டிக்கொண்டு போய் ரோட்டைப் பார்த்தேன். மோசமான மேடு ஒன்றுதான். செக்போஸ்ட் இருக்கிற தேசியப் பூங்கா தாண்டி வளைவில் இருக்கிறது. மண்வெட்டியின் மரக் கணையை நட்டு வைத்து உயரம் பார்த்தேன். அந்த அளவுக்கு ஒரு நூல் வெட்டி இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். உங்கள் காருக்கு அடியில் நூலை நெட்டாகப் பிடித்துப் பாருங்கள். காருக்குள் யாரையாவது உட்கார வைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். வெறும் கார் உயரமாகத்தான் தெரியும்.

பிக்கப் பற்றி நீங்கள் சொன்னது ஒரு விதத்தில் சரி. லோடு இல்லாமல் வந்தால் குலுக்குகிறது. கேரட் ஏற்றினால் அமைதியாகிவிடுகிறது. ஆனால் மலையில் ஏற அது போதும். மழையிலும் சேற்றிலும் நின்றதில்லை. உங்கள் கார் புழுதியைக்கூடத் துடைத்துத் துடைத்து ஓட்டுகிற கார் என்று மருமகன் சொல்லியிருக்கிறார்.

மூணாறு வரை காரில் வந்து, அங்கிருந்து பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு வந்துவிடலாம் என்று பாண்டி யோசனை சொன்னான். நான் வேண்டாம் என்றேன். பிக்கப்பில் உங்களை இறக்கினால், சந்தையில் விற்காத மூட்டையைத் திருப்பிக் கொண்டுவந்த மாதிரி ஊர் பார்க்கும். அழகுத்தாயின் அக்காவுக்கு அது போதும்.

நூலை மறக்காமல் வைத்துப் பாருங்கள். வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

தங்கள்
பெரியமுத்து


கொழிஞ்சாம்பாறை
5.12.2024

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு, வணக்கம். பதில் தாமதம். காருக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை போடவேண்டிய டெஸ்ட் இந்த மாதம் வந்தது. அந்த அலைச்சலில் இருந்தேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை. தாங்கள் இருவரும் நலம்தானே?

நூல் வைத்துப் பார்த்தேன். பக்கத்துத் தோட்டத்து அப்புசாமியைப் பின்சீட்டில் உட்கார வைத்தேன். எதற்கு என்று கேட்டார். வட்டவடை மேட்டைத் தாண்டுமா என்று பார்க்கிறேன் என்றேன். "மேடு அங்க இருக்குதுங்க, என்னைய எதுக்குங்க இங்க உக்கார வெக்கறீங்க?" என்றார். நூல் மயிரிழையில் தப்புகிறது. தட்டினாலும் உரசிக்கொண்டு போகும்.

டெஸ்டும் பாஸ். இன்ஸ்பெக்டர் மலையாளத்தில் "இது இப்போழும் புதியது போலெ உண்டல்லோ" என்றார். காருக்கு இன்னும் ஐந்து வருடம் எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

தினமும் காலையில் காரை ஷெட்டிலிருந்து எடுத்துக் கேட் வரை கொண்டுபோய், திருப்பி, மறுபடியும் ஷெட்டில் விடுகிறேன். ஓட்டாமல் வைத்தால் பேட்டரி இறங்கிவிடும். கேட்டில் ஒரு ஹாரன் அடிப்பது வழக்கம். நேற்று அப்புசாமி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "எங்கீங்ணா கெளம்பீட்டீங்க?" என்று கேட்டார். எங்கேயும் இல்லை என்றேன். "எங்கயும் போகாததுக்கு எதுக்குங்ணா ஹாரனு?" என்றார். வீட்டில் அதைத் தவிர வேறு சத்தம் இல்லை என்பது பிறகுதான் தோன்றியது.

ஆகவே இனி சொல்வதற்குக் காரணம் ஒன்றும் மீதி இல்லை. தை பிறந்ததும் வருகிறேன். பொங்கல் கழிந்த முதல் ஞாயிறு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

குளிர் அதிகமாக இருக்கும். இருவரும் கம்பளியோடு இருங்கள்.

இப்படிக்கு
ஈஸ்வரமூர்த்தி


வட்டவடை
27.12.2024

மரியாதைக்குரிய சம்பந்தி அவர்களுக்கு, உங்கள் கடிதத்தை அழகுத்தாய் என்னை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னாள். இங்கே எல்லோரும் சுகம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

அன்று சாயங்காலமே அவள் அக்கா வீட்டுக்குப் போய்விட்டு வந்தாள். என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. திரும்பி வரும்போது நடை வேறு மாதிரி இருந்தது. முன் அறைக்கு வெள்ளையடித்தாகிவிட்டது. கட்டிலுக்குப் புது மெத்தை வாங்க வேண்டும் என்கிறாள். நானும் பாண்டியும் அந்த மேட்டுக்கு முன்னாலும் பின்னாலும் கல் போட்டு நிரவினோம். ஃபாரஸ்ட் கார்டு வந்து யாரைக் கேட்டுச் செய்கிறீர்கள் என்றார். சம்பந்தி கார் வருகிறது என்றோம். அவரும் ஒரு கல்லைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போனார்.

ஒரே கவலை பனி. இரண்டு நாளாக விடியற்காலையில் நிலமெல்லாம் உப்புப் போட்ட மாதிரி வெளுத்துக் கிடக்கிறது. பீன்ஸ் கருகிவிட்டது. கேரட் மண்ணுக்குள் இருப்பதால் தப்பியது. பிக்கப்பே காலையில் நாலு முறை இருமிவிட்டுத்தான் கிளம்புகிறது. நீங்கள் வெயில் ஏறிய பிறகு மூணாறைத் தாண்டினால் போதும்.

அங்கே பனி உண்டா? எழுதுங்கள். என்ன சாப்பிடுவீர்கள், என்ன ஆகாது என்பதையும் எழுதச் சொல்கிறாள்.

தங்கள்
பெரியமுத்து


கொழிஞ்சாம்பாறை
13.1.2025

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு, வணக்கம். அனைவர் நலமும் வேண்டுகிறேன்.

பனி உண்டா என்று கேட்டிருந்தீர்கள். இங்கேயும் பனிதான். பத்து நாளாக விடவில்லை. ராத்திரியில் அதிகம். பகலில் கொஞ்சம் குறைந்த மாதிரி இருக்கும், சாயங்காலம் மறுபடி ஏறும். அப்புசாமி சாயா கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போகிறார். நான் வெளியே இறங்குவதில்லை. காரையும் எடுக்கவில்லை.

பொங்கல் கழிந்த ஞாயிறு முடியாது. மன்னிக்கவும். இது விட்டதும் தேதி எழுதுகிறேன். எனக்கு ஆகாதது என்று எதுவும் இல்லை என்று தங்கள் மனைவியாரிடம் சொல்லவும். பிள்ளைகளிடம் இதையெல்லாம் சொல்ல வேண்டாம், வீணாகக் கவலைப்படுவார்கள்.

தங்களுக்குப் பொங்கல் வாழ்த்துகள்.

ஈஸ்வரமூர்த்தி


வட்டவடை
20.1.2025

மரியாதைக்குரிய சம்பந்தி அவர்களுக்கு, நாங்கள் நலம். பொங்கல் வைத்தோம். முன் அறையில்தான் படைத்தோம், வெள்ளையடித்தது வீணாக வேண்டாம் என்று.

கொழிஞ்சாம்பாறையில் பனி என்று நீங்கள் எழுதியதை ஊரில் வாசித்துக் காட்டினேன். எல்லோருக்கும் சிரிப்பு. தென்னை நிற்கிற ஊரில் பனியா? அந்தப் பனிக்குப் பயந்து பிள்ளைகளுக்குக்கூடச் சொல்ல வேண்டாம் என்கிறீர்களே. ஒரு நாள் எங்கள் ஊர்ப் பனியில் நின்று பாருங்கள், பிறகு உங்கள் ஊர்ப் பனியை வெயில் என்பீர்கள்.

இருந்தாலும் பழைய வண்டி. கவனமாக இருக்க வேண்டும். ராத்திரி பானட்டின் மேல் சாக்கைப் போட்டு மூடுங்கள். காலையில் கண்ணாடியில் வெந்நீர் ஊற்றாதீர்கள், விரிசல் விழும். வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்தால் போதும். ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் திரும்பத் திரும்பச் சாவியைத் திருகாதீர்கள். கொஞ்ச நேரம் ஓய்வு கொடுத்தால் தானாக எழுந்துவிடும். பிக்கப்புக்கு நாங்கள் இதைத்தான் செய்கிறோம். இந்த ஒரு விஷயத்தில் கார், பிக்கப் என்று வித்தியாசம் இல்லை.

தேதியை எழுதுங்கள். மெத்தை வந்துவிட்டது.

தங்கள்
பெரியமுத்து


வட்டவடை
17.2.2025

சம்பந்தி அவர்களுக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் எழுதி ஒரு மாதம் ஆகப்போகிறது. பதில் இல்லை. தபால்காரர் நல்லமுத்து இப்போதெல்லாம் எங்கள் வீட்டுப் பக்கம் பார்க்காமல் போகிறார். தரக் கடிதம் இல்லாததால் அவருக்கே சங்கடம்.

நான் கேலி செய்தது தவறாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்று எழுத வேண்டியிருக்கிறது. எங்கள் ஊரில் பனி போய்விட்டது. உருளைக்கிழங்குக்கு மண் அணைத்துக்கொண்டிருக்கிறோம். உங்கள் ஊரில் பனி மாசி வரை நிற்காது என்பது எனக்கும் தெரியும். நான் படிக்காதவன். முட்டாள் இல்லை.

முதலில் மேடு என்றீர்கள். நூல் அனுப்பினேன், மேட்டையும் நிரவினேன். பிறகு பனி என்றீர்கள். இனி கோடை மழை, அதற்குப் பிறகு பெருமழை. வர விருப்பம் இல்லை என்றால் ஒரு வரியில் எழுதிவிடலாம். காரின் மேல் பழி போட வேண்டாம். அது நல்ல கார்.

அழகுத்தாய் மெத்தையை மடித்துப் பரணில் வைத்துவிட்டாள். அவள் என்னிடம் ஒன்றும் பேசவில்லை. பேசினாலும் எனக்குக் கேட்காது என்று நினைத்திருப்பாள்.

உடம்பைக் கவனியுங்கள்.

பெரியமுத்து


கொழிஞ்சாம்பாறை
8.3.2025

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

கடிதங்கள் இரண்டையும் நேற்றுத்தான் சேர்த்துப் படித்தேன். ஆஸ்பத்திரியில் இருந்தேன். இப்போது வீட்டில் இருக்கிறேன். எழுத்து கோணலாக இருப்பதைப் பொருட்படுத்த வேண்டாம்.

நான் பனி என்று எழுதியது காய்ச்சலை. எங்கள் பக்கம் டாக்டர் முதல் ஆடு மேய்க்கிறவர் வரை காய்ச்சலுக்குப் பனி என்றுதான் சொல்வோம். மலையாளத்தோடு கிடந்து பழகிவிட்டது, அது வேறு பாஷைச் சொல் என்றே நினைவு வருவதில்லை. எழுதும்போது தாங்கள் எந்தப் பனியைக் கேட்டீர்கள் என்று யோசிக்கவில்லை. காய்ச்சலில் யோசனையும் ஓடவில்லை. பானட்டின் மேல் சாக்குப் போடச் சொன்னதையும், திரும்பத் திரும்பச் சாவியைத் திருகாமல் ஓய்வு கொடுக்கச் சொன்னதையும் அப்புசாமிக்கு வாசித்துக் காட்டினேன். "டாக்டரும் இதையத்தானுங்ணா சொன்னாரு" என்றார்.

காய்ச்சல் நெஞ்சில் இறங்கிவிட்டது. ஆரம்பத்தில் நான் காய்ச்சலில் படுத்துவிட்டதை அப்புசாமி அறிந்ததே ஹாரன் சத்தம் வராததால்தான். ஒரு வாரமாக இல்லையே என்று வேலி தாண்டி வந்திருக்கிறார். பையன் சிவப்பிரகாஷுக்குச் சொல்லாதே என்று நான் தடுத்து வைத்திருந்தேன். வீடு திரும்பிய பிறகுதான் அவனுக்குத் தெரியும். போனில் நெடுநேரம் அழுதான்.

இடது காலில் பலம் இல்லை. கிளட்ச் மிதிக்கிற கால். ஓட்டக் கூடாது, தனியாகவும் இருக்கக் கூடாது என்கிறார் டாக்டர். காருக்கு ஐந்து வருடம் எழுதிக் கொடுத்தார்கள். எனக்கு அப்படி யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. ஆனைகட்டிப் பக்கம் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் இல்லம் ஒன்றில் சிவப்பிரகாஷ் விசாரித்துக்கொண்டிருக்கிறான். காரை விற்றுவிடச் சொல்கிறான். ஒரு புரோக்கர் வந்து சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார். டயரைக் காலால் உதைத்துப் பார்த்தார்.

தங்கள் மனைவியாரிடம் இதைச் சொல்லவும். வர மனமில்லாமல் இல்லை.

ஈஸ்வரமூர்த்தி


வட்டவடை
17.3.2025

மரியாதைக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்றே மோனிஷாவும் போன் செய்தாள். அழகுத்தாய் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். நான் கடிதத்தை நீட்டினேன். அவளுக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். நடுவில் ஓர் இடத்தில் நிறுத்தி, "காய்ச்சக்காரருக்கா சாக்கப் போட்டு மூடச் சொன்னீக?" என்று கேட்டாள். நான் ஊரெல்லாம் வாசித்துக் காட்டிச் சிரித்தவன். வேறென்ன எழுதுவது.

இந்த வருடம் வராததற்கு நீங்கள் காரணம் எழுதிவிட்டீர்கள். மற்ற வருடங்களைப் பற்றி நான் கேட்கப் போவதில்லை.

ஆனைகட்டி வேண்டாம். நாங்கள் இருக்கிறோம். முன் அறை இருக்கிறது. சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் நானும் பாண்டியும் இறங்குகிறோம். ராத்திரி பொள்ளாச்சியில் தங்கிவிட்டு ஞாயிறு விடிந்ததும் உங்கள் வீட்டில் இருப்போம். பிக்கப்பைக் கொண்டுவரவில்லை. லோடு இல்லாமல் அது குலுக்கும், உங்கள் நெஞ்சுக்கு ஆகாது. உங்கள் காரை பாண்டி ஓட்டட்டும். நீங்கள் பின்சீட்டில் காலை நீட்டிப் படுத்துக்கொள்ளுங்கள். அழகுத்தாய் ஒரு தலையணையும் கம்பளியும் கொடுத்துவிடுகிறாள். எங்கே வேண்டுமோ அங்கே நிறுத்தி மெதுவாக ஏறுவோம்.

அதுவரை புரோக்கர் வந்தால் கேட்டைத் திறக்காதீர்கள். மெத்தையைப் பரணிலிருந்து இறக்கி வெயிலில் போட்டாயிற்று.

பெரியமுத்து


கொழிஞ்சாம்பாறை
19.3.2025

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு, வணக்கம். உடம்பு பரவாயில்லை. தங்களிடமிருந்து பதில் வருவதற்குள் இதை எழுத வேண்டியிருக்கிறது.

ஆனைகட்டியில் இடம் கிடைத்துவிட்டது. தாமதித்தால் வேறு யாருக்காவது போய்விடுமாம். நாளை மறுநாள் வெள்ளிக்கிழமை என் அண்ணன் மகன் ரத்தினசாமி வந்து கூட்டிப்போகிறான். முதல் இரண்டு வாரம் பார்க்க ஆள் விடமாட்டார்கள். மனம் அந்த இடத்தில் படிய வேண்டும் என்பதற்காக அப்படி ஒரு ஏற்பாடு. முகவரியைத் தனித் தாளில் எழுதி வைத்திருக்கிறேன்.

காரைப் புரோக்கரிடம் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. சிவப்பிரகாஷிடம் சொன்னேன், சரி என்றான். சாவியும் ஆர்.சி. புத்தகமும் அப்புசாமியிடம் இருக்கும். பாண்டியை அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள். கேரட் ஏற்ற ஆகாது. அது ஒன்றுதான் குறை. தங்கள் வாசலில் நிற்கட்டும். தாங்கள் கேட்டது அதைத்தானே.

முதல் கியர் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். அவசரப்படாமல் போடச் சொல்லுங்கள்.

தங்கள் மனைவியாருக்கு என் வணக்கம்.

ஈஸ்வரமூர்த்தி


வட்டவடை
26.3.2025

மரியாதைக்குரிய சம்பந்தி அவர்களுக்கு பெரியமுத்து எழுதுவது. புது இடத்தில் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா? நெஞ்சுச் சளி குறைந்திருக்கிறதா? நாங்கள் நலம்.

உங்கள் கடிதம் நாங்கள் கிளம்பும் முன் வந்து சேரவில்லை, ஊர் திரும்பிய பிறகுதான் கிடைத்தது. ஞாயிறு காலை போனபோது வீடு பூட்டியிருந்தது. நான் கதவைத் தட்டிக்கொண்டே நின்றேன். உள்ளேயிருந்து குரல் வந்தாலும் எனக்குத் தெரியாதல்லவா, பாண்டிதான் என் கையைப் பிடித்து நிறுத்தினான். அப்புசாமி வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தார். நீங்கள் வெள்ளிக்கிழமையே ஆனைகட்டிக்குப் போய்விட்டதைப் பாண்டியிடம் சொன்னார். காரை எங்களுக்கு விட்டுப்போயிருப்பதாகச் சொல்லிச் சாவியை நீட்டினார். என் கடிதமும் கேட் பெட்டியில்தான் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

உங்கள் காரைப் பற்றி எழுத வேண்டும். ஐந்து மாதமாக நான் பிக்கப்புக்காக வாதாடினேன். பொள்ளாச்சி ரோட்டில் ஏறிய கொஞ்ச நேரத்தில் பாண்டி, "மாமா, இது காரு இல்ல, கட்டிலு" என்று என் பக்கம் திரும்பிச் சத்தமாகச் சொன்னான். உண்மைதான். மறையூர் ஏற்றத்தில் சிரமப்பட்டது. ஆனால் ஒரு முறைகூட நிற்கவில்லை. ராத்திரி மறையூரில் தங்கி, திங்கட்கிழமை ஏறினோம். அந்த மேட்டில் பாண்டி மூச்சைப் பிடித்துக்கொண்டு போனான். எதுவும் தட்டவில்லை. தலையணையும் கம்பளியும் பின்சீட்டில் அப்படியே வந்தன.

சாயங்காலம் கார் எங்கள் வாசலில் வந்து நின்றது. தெருவே கூடிவிட்டது. பாண்டி வாசலை ஒட்டி நிறுத்தி, தலையணை, கம்பளி எல்லாவற்றையும் அணைத்துக்கொண்டு உள்ளே போனான். நான் வண்டியிலிருந்து இறங்கும்போதே அழகுத்தாயின் அக்கா ஒரு தட்டில் பழமும் பூவும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். என்னைப் பார்த்து ஏதோ கேட்டாள். "எங்க சம்பந்தி?" என்று வாயசைவிலேயே தெரிந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அழகுத்தாய் முன்னால் வந்து பதில் சொன்னாள். அவள் உதட்டைப் பார்த்துத்தான் நான் புரிந்துகொண்டேன்.

"உள்ள ஒறங்குதாக. மலை ஏறி வந்த அலுப்பு. சத்தம் போடாதீக."

உடனே எல்லோருடைய வாயும் சின்னதாக அசைய ஆரம்பித்தது. பானட்டைத் தொட்டுக்கொண்டிருந்த பிள்ளைகளை அவள் அக்காவே கையை ஆட்டித் துரத்தினாள். தட்டை அழகுத்தாயிடம் கொடுத்துவிட்டுக் காலடி கேட்காமல் இருக்கச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போனாள். மூன்று வருடத்தில் அவள் எங்கள் வீட்டுக்கு அப்படி மரியாதை செய்து நான் பார்த்ததில்லை.

மறுநாள் காலையில் அழகுத்தாய் இரண்டாவது டம்ளர் சாயா ஊற்றி முன் அறைக்குள் கொண்டுபோனாள். தெருவில் ஆள் இருந்தது. வெளியே வரும்போது டம்ளர் காலி. யார் குடித்தது என்று நான் கேட்கவில்லை. மெத்தையின் ஒரு பக்கம் உட்கார்ந்த தடம் இருந்தது.

இரண்டு வாரம் முடிந்ததும் நானும் பாண்டியும் உங்கள் காரிலேயே ஆனைகட்டிக்கு வருகிறோம். எங்களோடு ஏறுவீர்களா என்பதை மட்டும் எழுதுங்கள். மருமகனிடம் நான் பேச முடியாது, நீங்கள்தான் பேச வேண்டும்.

உங்கள் பதில் வர நாலைந்து நாள் ஆகும். அதுவரை கேட்கிறவர்களிடம் நீங்கள் தூங்குவதாகவே சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

தங்கள்
பெரியமுத்து